டார்பிடோ பட்ட ஒஹாயோ ஏன் மூழ்கவில்லை?

இரண்டாம் உலகப்போரில் மால்டாவுக்கு எண்ணெய் கொண்டுபோன ஒஹாயோ கப்பலைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே முழுக்க எண்ணெய் இருந்தும், நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டபோது ஏன் வெடிக்கவில்லை? எஞ்சின் செத்துப்போன கப்பலை எப்படி இழுத்துக் கரைசேர்த்தார்கள்? அவ்வளவு உயிர்ப்பலிக்குப் பலன் இருந்ததா? இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ‘அதிசயம்’ என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கப்பல் பிழைத்ததற்குக் காரணங்கள் இருந்தன, அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லவும் முடியும். அதிசயம் என்று சொல்லிவிட்டால், இரண்டு முறை கைவிட்ட கப்பலில் மறுபடி ஏறிய மனிதர்கள் கதையிலிருந்து காணாமல் போய்விடுவார்கள்.

முதலில் சூழ்நிலை. சிசிலிக்குத் தெற்கே, நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது மால்டா. அப்போது அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. இத்தாலியிலிருந்து வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோம்மெலின் படைக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல்களை அங்கிருந்து கிளம்பிய விமானங்களும் நீர்மூழ்கிகளும் மறித்து அடித்தன. அதனால் 1942-ன் முதல் பாதியில் ஜெர்மனியும் இத்தாலியும் மால்டாவைக் குண்டு வீசியே ஒடுக்கப் பார்த்தன. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ரேஷனில் வாழ்ந்தார்கள். வீட்டில் அடுப்பெரிக்க மண்ணெண்ணெய் இல்லாததால் ‘விக்டரி கிச்சன்’ என்ற பொதுச் சமையல்கூடங்களில் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கினார்கள். தீவு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று நிர்வாகம் கணக்குப் போட்டு, சரணடைய வேண்டிவரும் தேதியையே ரகசியமாகக் குறித்து வைத்திருந்தது.

ஜூன் மாதம் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ஒரே சமயத்தில் இரண்டு கான்வாய்களை, அதாவது போர்க்கப்பல் காவலோடு சேர்ந்து போகும் வணிகக் கப்பல் கூட்டங்களை, அனுப்பிப் பார்த்தார்கள். கிழக்கிலிருந்து கிளம்பியது பாதி வழியில் திரும்பிவிட்டது. மேற்கிலிருந்து வந்த ஆறு வணிகக் கப்பல்களில் இரண்டுதான் போய்ச் சேர்ந்தன. அந்த ஆறில் கென்டகி என்ற எண்ணெய்க் கப்பலும் ஒன்று. அதன் முடிவைத் தெரிந்துகொண்டால்தான் ஒஹாயோவின் கதை புரியும். கென்டகி மேல் குண்டு நேராக விழவேயில்லை. பக்கத்தில் விழுந்த குண்டின் அதிர்ச்சியில் ஒரு நீராவிக் குழாய் உடைந்தது, அவ்வளவுதான். நீராவி போனால் எஞ்சின் இல்லை. நின்றுபோன கப்பலைப் பழுதுபார்க்க அவகாசமும் இல்லை, விமானத் தாக்குதலுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போகவும் முடியவில்லை. கைவிட வேண்டியதாயிற்று. ஒரு குழாய் உடைந்ததால் ஒரு தீவின் எரிபொருளே போயிற்று.

ஆகஸ்டில் அடுத்த முயற்சிக்கு ஒஹாயோவைத் தேர்ந்தெடுத்தபோது இந்தப் பாடத்தை மறக்கவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து செஸ்டர் நகரில், சன் கப்பல் கட்டும் தளத்தில் 1940-ல் நீரில் இறக்கிய கப்பல் அது. டெக்சாகோ நிறுவனத்துக்குச் சொந்தம். சுமார் 157 மீட்டர் நீளம், 16 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போகும் பெரிய எண்ணெய்க் கப்பல் பிரிட்டனிடம் அப்போது கையில் இல்லாததால் அமெரிக்காவிடம் கேட்டு வாங்கினார்கள். ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றுத் துறையில் கொடி மாறியது. ஈகிள் ஆயில் கம்பெனியின் பிரிட்டிஷ் மாலுமிகள் ஏறினார்கள், காப்டன் டட்லி மேசன். பீரங்கிகளை இயக்க வந்த படைவீரர்களையும் சேர்த்து 77 பேர். புறப்படும் முன் எஞ்சினுக்கு அடியில் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் அண்டை கொடுத்தார்கள். நீராவிக் குழாய்களுக்கு எஃகு ஸ்பிரிங்குகளும் மரக்கட்டைகளும் முட்டுக் கொடுத்தார்கள். கென்டகியை முடித்த அதே அடி ஒஹாயோவுக்குப் பல தடவை விழப்போகிறது. பார்க்க ஒன்றுமில்லாத அந்த முட்டுக்கட்டைகளைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன்.

இந்த முயற்சிக்கு ஆபரேஷன் பெடஸ்டல் என்று பெயர். 14 வணிகக் கப்பல்கள். அவற்றுக்குக் காவலாக நெல்சன், ராட்னி என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள், விமானந்தாங்கிகள், அவற்றைவிடச் சிறிய க்ரூஸர் போர்க்கப்பல்கள், இன்னும் சிறிய, வேகமான டெஸ்ட்ராயர்கள் முப்பதுக்கு மேல். ஆகஸ்ட் 10-ஆம் தேதி விடியுமுன் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்தார்கள். மறுநாளே ஈகிள் என்ற விமானந்தாங்கியை ஜெர்மன் நீர்மூழ்கி யு-73 நான்கு டார்பிடோக்களால் அடித்தது. எட்டே நிமிடத்தில் மூழ்கிப்போயிற்று. 12-ஆம் தேதி நாள் முழுக்க விமானத் தாக்குதல். அன்று மாலை, முன்பே போட்டிருந்த திட்டப்படி பெரிய கப்பல்கள் திரும்பிப் போய்விட்டன. ஆழம் குறைந்த, கண்ணிவெடி நிறைந்த சிசிலி நீரிணைக்குள் அவற்றைக் கொண்டுபோக முடியாது. ரியர் அட்மிரல் பரோவின் தலைமையில் நான்கு க்ரூஸர்களும் ஒரு டெஸ்ட்ராயர் கூட்டமும் மட்டும் வணிகக் கப்பல்களோடு தொடர்ந்தன.

நீங்கள் கேட்ட நீர்மூழ்கித் தாக்குதல் நடந்தது இந்தக் கட்டத்தில். ஸ்கெர்கி கால்வாய் என்ற குறுகலான பாதைக்குள் நுழைவதற்காக, நான்கு வரிசையாக வந்த கப்பல்கள் இரண்டு வரிசையாக மாறிக்கொண்டிருந்தன. அணி மாறும் நேரம் எப்போதுமே பலவீனமான நேரம். கப்பல்கள் ஒன்றையொன்று கவனித்துக்கொண்டிருக்கும், காவல் வட்டமும் கலைந்திருக்கும். அங்கே காத்திருந்த இத்தாலிய நீர்மூழ்கி ஆக்ஸும், அதன் காப்டன் ரெனாட்டோ ஃபெர்ரினி. மணி எட்டாகப்போகிறது, வெளிச்சம் இன்னும் போகவில்லை. அவர் ஏவிய நான்கு டார்பிடோக்கள் மூன்று கப்பல்களில் பாய்ந்தன: நைஜீரியா, கெய்ரோ என்ற இரண்டு க்ரூஸர்கள், பிறகு ஒஹாயோ. அந்தப் போரில் ஒரே வீச்சில் இத்தனை பலன் கண்ட நீர்மூழ்கிகள் மிகக் குறைவு.

மூழ்கியது கெய்ரோ மட்டும்தான் என்றாலும் இழப்பு அதைவிடப் பெரிது. நைஜீரியா தளபதியின் கப்பல். அது சாய்ந்தபடி ஜிப்ரால்டருக்குத் திரும்ப, பரோ ஒரு டெஸ்ட்ராயருக்கு மாற வேண்டியதாயிற்று. மால்டாவிலிருந்து வரும் விமானங்களோடு பேசி வழிநடத்தும் வானொலிக் கருவி இருந்ததோ இந்த இரண்டு க்ரூஸர்களில் மட்டும். அன்று அந்தியில் உதவிக்கு வந்த பிரிட்டிஷ் விமானங்களுக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. போதாக்குறைக்கு அவற்றைத் தங்கள் கப்பல்களே சுட்டன. அடுத்த சில மணி நேரத்தில் கான்வாய் சிதறியது. விமானங்களிடமும், நள்ளிரவுக்குப் பின் கேப் பான் முனையில் பதுங்கியிருந்த டார்பிடோ படகுகளிடமும் கப்பல்கள் அடுத்தடுத்துச் சிக்கின. இந்தக் கான்வாயின் முதுகெலும்பை முறித்தது ஆக்ஸும்தான் என்பது என் கருத்து.

இனி ஒஹாயோ ஏன் வெடிக்கவில்லை என்பது. டார்பிடோ அதன் இடதுபக்க நடுவில், பம்பு அறை இருந்த இடத்தில் பட்டது. 24 அடிக்கு 27 அடி ஓட்டை. ஒரு சின்ன வீடே உள்ளே போகும். மேல்தளத் தகடு கிழிந்து மடங்கியது, தீ மேலே எழுந்தது. உடைந்த தொட்டிகளிலிருந்து எரியும் மண்ணெண்ணெய் கொப்பளித்துத் தெறித்தது. அருகிலிருந்த கப்பல்களில் பார்த்தவர்கள் ஒஹாயோ முடிந்தது என்றே நினைத்தார்கள்.

ஆனால் சுமந்தது எது என்பதைக் கவனியுங்கள். ஒஹாயோவில் இருந்தது மண்ணெண்ணெயும் டீசல் வகை எண்ணெயும், சுமார் 11,500 டன். ‘மால்டாவின் விமானங்களுக்குப் பெட்ரோல் கொண்டுவந்த கப்பல்’ என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது தவறு. விமானப் பெட்ரோல் தகர டின்களில் மற்றச் சரக்குக் கப்பல்களில் வந்தது. பெட்ரோல் பனிக்குளிரிலும் ஆவியாகித் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெயோ சுமார் 38 டிகிரிக்கு மேல் சூடானால்தான் எரியும் அளவுக்கு ஆவி விடும், டீசல் அதற்கும் மேல். அதுவும் விளிம்புவரை நிரப்பிய தொட்டியில் ஆவியும் காற்றும் கலக்க இடமே இருக்காது. எண்ணெய்க் கப்பலில் உண்மையில் பயங்கரமானது காலியான, கழுவாத தொட்டிதான். ஒஹாயோவில் எரிந்தது வெளியே சிந்திய எண்ணெய். ஓட்டை வழியே புகுந்த கடல் நீரே பம்பு அறைத் தீயில் பெரும்பகுதியை அணைத்தது. மீதியை மாலுமிகள் எஞ்சினை நிறுத்திவிட்டு, கைக்கு அடக்கமான தீயணைப்பான்களோடு போய் அணைத்தார்கள். எந்த நொடியும் வெடிக்கும் என்று மற்றவர்கள் விலகிப்போன கப்பலில், எரியும் பக்கமாக நடந்துபோனவர்கள் அவர்கள்.

மூழ்காததற்கும் இதே போன்ற காரணம் உண்டு. சாதாரணச் சரக்குக் கப்பலில் ஓட்டை விழுந்தால் பெரிய பெரிய அறைகளில் தண்ணீர் நிரம்பிவிடும். எண்ணெய்க் கப்பலின் உடலோ குறுக்கும் நெடுக்குமாகச் சுவர் வைத்து ஏகப்பட்ட தொட்டிகளாகப் பிரித்தது. ஒரு தொட்டி உடைந்தாலும் அதில் ஏற்கெனவே எண்ணெய் இருந்ததால், அது போய்த் தண்ணீர் வரும்போது கூடுகிற எடை கொஞ்சம்தான். எண்ணெய் தண்ணீரைவிட இலேசு என்பதால் உடையாத தொட்டி ஒவ்வொன்றும் கப்பலைத் தூக்கிப்பிடிக்கும். ரிவெட் அடிக்காமல் வெல்டிங் செய்த உடல் என்பதால்தான் தாங்கியது என்று ஒரு பெருமையும் சொல்வார்கள். ஓரளவு சரியாக இருக்கலாம், முழுப் பெருமையையும் அதற்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய வெல்டிங் எண்ணெய்க் கப்பல் 1943 ஜனவரியில் அமெரிக்கத் துறைமுகத்தில், அசையாத தண்ணீரில், எந்த எதிரியும் தொடாமலேயே இரண்டாகப் பிளந்தது.

தீ அணைந்தது, ஆனால் கப்பலின் கைரோ திசைகாட்டி போய்விட்டது, முன்னிருந்து சுக்கானைத் திருப்பும் ஏற்பாடும் போய்விட்டது. பின்பக்கத்தில் அவசரத்துக்கு இருந்த சுக்கான் சக்கரத்தைப் பிடித்து ஓட்டினார்கள். இருட்டில் வழி தெரிய வேண்டுமே. லெட்பரி என்ற டெஸ்ட்ராயர் முன்னே போய், தன் பின்பக்கத்தில் மங்கலாக ஒரு விளக்கை வைத்துக்கொண்டது. மேல்தளம் கிழிந்த எண்ணெய்க் கப்பல் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே இரவெல்லாம் போய், விடியற்காலையில் மிச்சமிருந்த கான்வாயோடு சேர்ந்தது.

லெட்பரியின் காப்டன் ரோஜர் ஹில்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு மாதம் முன்பு ஆர்க்டிக் கடலில் பிகியூ-17 கான்வாயின் காவலில் இருந்தவர் அவர். லண்டனிலிருந்து வந்த உத்தரவால் அந்தக் கான்வாய் கலைக்கப்பட்டு, டெஸ்ட்ராயர்கள் விலகிப்போக, தனித்து விடப்பட்ட கப்பல்களை ஜெர்மானியர் வேட்டையாடினார்கள். 24 வணிகக் கப்பல்கள் போயின. அந்த வேதனை அவரை விடவில்லை. இனி எந்த உத்தரவு வந்தாலும் வணிகக் கப்பல்களை விட்டு விலகுவதில்லை என்று முடிவு செய்துகொண்டதாகப் பின்னாளில் எழுதினார். 13-ஆம் தேதி காலை வைமராமா என்ற கப்பல் குண்டு பட்டு ஒரே நொடியில் வெடித்தது. மேல்தளத்தில் பெட்ரோல் டின்கள், கீழே வெடிபொருள். கடலே தீப்பற்றி எரிந்தது. பின்னால் வந்த மெல்போர்ன் ஸ்டார் விலக முடியாமல் அந்தத் தீக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தது. ஹில் தன் கப்பலை வேண்டுமென்றே அந்தத் தீக்குள் செலுத்தி, நீரில் தத்தளித்தவர்களைத் தூக்கினார்.

அதன்பின் விமானங்களின் கண் முழுக்க ஒஹாயோ மேல்தான். சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு குண்டுவீச்சு விமானம் அதன் மேலேயே வந்து விழுந்தது. இருபுறமும் விழுந்த குண்டுகள் கப்பலை நீரிலிருந்து உலுக்கித் தூக்கின. பாய்லர் தீ அணைந்தது, எஞ்சினியர்கள் மறுபடி மூட்டினார்கள். கென்டகி ஒரே அடியில் நின்றது. ஒஹாயோ அப்படிப் பல அடிகளைத் தாங்கியது. முற்பகல் பதினொரு மணிவாக்கில் நீராவி அடியோடு போய்க் கப்பல் அசைவற்று நின்றது.

இழுவை விஷயம் இங்கே தொடங்குகிறது. பென் என்ற டெஸ்ட்ராயர் முன்னால் நின்று தடித்த வடம் கட்டி இழுத்தது. ஒஹாயோ முன்னே வருவதற்குப் பதில் பக்கவாட்டில் திரும்பியது. இடதுபக்க ஓட்டையின் கிழிந்த தகடுகள் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. கப்பல் நகர்ந்தாலே அவை தண்ணீரைப் பிடித்து, கூடுதலாக ஒரு சுக்கான் வைத்ததுபோல இடதுபக்கம் இழுத்தன. வடம் கோணலாகி அறுந்தது. மேசன் ஆட்களைப் பென்னுக்கு இறக்கினார். மாலையில் ரை என்ற கண்ணிவாரிக் கப்பல் மால்டாவிலிருந்து வந்தது. ஆட்கள் திரும்ப ஏறினார்கள், இழுவை தொடங்கியது. சற்று நேரத்தில் ஒரு குண்டு எஞ்சின் அறைப் பக்கம் நேராக விழுந்தது. இரண்டாம் முறை இறங்கினார்கள். பிறகு மறுபடியும் ஏறினார்கள்.

அந்தத் தொழிலாளிகளின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் கடற்படை வீரர்கள் அல்ல, கம்பெனிச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். 1941 மே வரை பல பிரிட்டிஷ் கம்பெனிகளில் கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளமும் நின்றுவிடும். அப்படிப்பட்ட தொழிலில் இருந்தவர்கள் இரண்டு முறை கைவிட்ட கப்பலுக்குத் திரும்பிப் போனார்கள். ஒஹாயோவின் ஆட்கள் மட்டுமல்ல. சான்டா எலிசா என்ற அமெரிக்கக் கப்பல் மூழ்கித் தப்பிய ஃபிரெடெரிக் லார்சன் என்ற இளம் அதிகாரியும், பயிற்சி மாலுமி ஃபிரான்சிஸ் டேல்ஸும் தாங்களாக முன்வந்து ஒஹாயோவில் ஏறி விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பிடித்தார்கள். தன் கப்பலை இழந்தவன் ஓய்வெடுக்கலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

14-ஆம் தேதி முன்னால் ரை இழுக்க, பின்னால் லெட்பரி வடம் கட்டித் திசை பிடிக்க, முயன்று பார்த்தார்கள். முற்பகலில் கடைசிப் பெரிய தாக்குதல். கப்பலின் பின்பக்கம் மிக அருகில் விழுந்த கனத்த குண்டு சுக்கானைச் சிதைத்து, பின்னாலும் ஓட்டை போட்டது. மால்டாவின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் வந்து மற்றவற்றை விரட்டின. இதற்குப் பிறகுதான் இரண்டு டெஸ்ட்ராயர்களையும் பக்கத்திலேயே சேர்த்துக் கட்டும் வழி முழுமையாகக் கைகொடுத்தது. வலப்பக்கம் பென், இடப்பக்கம் பிராம்ஹாம், இரும்புக் கம்பி வடங்களால் ஒஹாயோவோடு இறுக்கிக் கட்டினார்கள்.

இரண்டு டெஸ்ட்ராயர்களும் தாங்கிப்பிடித்ததால்தான் ஒஹாயோ மூழ்கவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அத்தனை சிறிய கப்பல்கள் அவ்வளவு எடையைத் தூக்கிவிட முடியாது. அந்தக் கட்டு வேறு மூன்று வேலைகளைச் செய்தது. இழுக்கும் விசை இருபுறமும் சமமாக விழுந்ததால் இடதுபக்கம் திரும்பும் தொல்லை அடங்கியது. திசை மாற்ற வேண்டுமானால் ஒரு பக்க டெஸ்ட்ராயரின் எஞ்சினைக் கூட்டிக் குறைத்தால் போதும், செத்துப்போன சுக்கான் தேவையில்லை. ஒஹாயோவில் மின்சாரமோ நீராவியோ இல்லாத நிலையில், உள்ளே ஏறும் தண்ணீரை இறைக்க டெஸ்ட்ராயர்களின் பம்புகளும் பக்கத்திலேயே கிடைத்தன. வேகம் ஐந்து நாட் வந்தால் அதிகம். பாடுபட்டவர்கள் பலர் இரண்டு மூன்று நாள் தூங்காதவர்கள். நள்ளிரவில் மால்டாவைச் சுற்றியிருந்த கண்ணிவெடி வயல்களுக்கு நடுவே, வாரி ஒதுக்கிய குறுகலான பாதையில், தானாகத் திரும்ப முடியாத ஒன்றைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வடங்கள் அறுந்தன, திரும்பக் கட்டினார்கள்.

ஆகஸ்ட் 15 காலை ஒன்பதரை மணிவாக்கில் கிராண்ட் ஹார்பரில் நுழைந்தார்கள். அன்று சாந்தா மரியா திருநாள், மால்டாக்காரர்களுக்கு ஆண்டின் பெரிய விழாக்களில் ஒன்று. கோட்டைச் சுவர்கள் முழுக்க ஜனம், பேண்டு வாத்தியம். இன்றும் அவர்கள் இதை சாந்தா மரியா கான்வாய் என்றுதான் அழைக்கிறார்கள். 14 கப்பல்களில் வந்து சேர்ந்தது ஐந்து: போர்ட் சால்மர்ஸ், மெல்போர்ன் ஸ்டார், ரோச்செஸ்டர் காசில், பிரிஸ்பேன் ஸ்டார், கடைசியாக ஒஹாயோ. ஒன்பது வணிகக் கப்பல்களும் நான்கு போர்க்கப்பல்களும் போயின. ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

கரை சேர்ந்ததும் உடனே எண்ணெயை வேறு கப்பல்களுக்கு இறைக்கத் தொடங்கினார்கள். எண்ணெய் வெளியேற வெளியேற உடைந்த தொட்டிகளில் தண்ணீர் புகுந்தது, கப்பல் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் துறைமுகத்தின் அடியில் உட்கார்ந்தது. மேசனுக்கு பிரிட்டனின் உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது, லார்சனுக்கும் டேல்ஸுக்கும் அமெரிக்க வணிகக் கடற்படையின் உயர்ந்த விருது. ஒஹாயோ மறுபடி கடலில் ஓடவில்லை. உடல் இரண்டாகப் பிளந்து, கிடங்காகவும் யூகோஸ்லாவியப் படையினர் தங்கும் இடமாகவும் இருந்தது. 1946-ல் இரண்டு பாதிகளையும் ஆழ்கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள்.

பலன் இருந்ததா? என் பதில் ஆம். ஆனால் மிகைப்படுத்தவும் கூடாது. ஒஹாயோ தவிர மற்ற கப்பல்களில் வந்த உணவு முதலான பொதுச் சரக்கு சுமார் 32,000 டன். அதனால் பசி தீர்ந்துவிடவில்லை, சரணடையும் தேதி சில வாரங்கள் தள்ளிப்போயிற்று. ஒஹாயோவின் எண்ணெய் செய்த வேலை வேறு. டீசல் இருந்ததால் மால்டா நீர்மூழ்கிகள் மறுபடி அங்கிருந்தே கிளம்ப முடிந்தது. மற்ற நான்கு கப்பல்களில் டின்களில் வந்த பெட்ரோலால் டார்பிடோ விமானங்கள் பறந்தன. ஆகஸ்ட் கடைசியில் எகிப்தின் ஆலம் ஹல்ஃபாவில் ரோம்மெல் தாக்கத் தொடங்கியபோது, அவருக்கு வரவேண்டிய எரிபொருள் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கிக்கொண்டிருந்தன. எரிபொருள் இல்லாமல் அந்தத் தாக்குதலைப் பாதியில் நிறுத்தியவர் அவர். மால்டா மக்களின் தட்டில் சோறு கூடுவதற்கு மட்டும் இன்னும் மூன்று மாதம் ஆயிற்று. நவம்பரில் கிழக்கிலிருந்து ஸ்டோன்ஏஜ் கான்வாயின் நான்கு கப்பல்களும் ஒன்றுகூட இழக்காமல் வந்து சேர்ந்த பிறகுதான் முற்றுகை விலகியது.